கிராம் கணக்குப் பார்த்து ரயர் வாங்காதீங்கோ

கம்பசில் சைக்கிள் ஓடுகிற பெடியள் ரயரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் முதல் கேள்வி எப்பவும் ஒண்டுதான்: "மச்சான், எத்தனை கிராம்?" எனக்கு எரிச்சல் வரும். இது எங்கட கேள்வியே இல்லை. ஐரோப்பாவில் கிறொஸ் கன்ட்ரி பந்தயம் ஓடுகிற ஒருத்தருடைய கேள்வி. அவருக்கு ரயர் கிழிந்தால், அதற்கென்று ஒதுக்கின இடத்தில் அவரின்ர ஆக்கள் புதுச் சில்லோடு நிற்பினம். ஹந்தானையில் உங்களுக்குக் கிழிந்தால் தேடி வருகிறது அட்டை மட்டும்தான்.

இரண்டாவது மூடநம்பிக்கை, "ரியூப்லெஸ் போட்டா பஞ்சரே வராது." ரியூப்லெஸ்ஸில் நடப்பது இவ்வளவுதான்: றிம்மில் உள்ள கம்பி ஓட்டைகளை ரேப் ஒட்டி அடைக்கிறோம், ரயரின் விளிம்பு றிம்மோடு இறுகிக் காற்றைப் பிடிக்கிறது. மாவிக் நிறுவனம் இதை மவுண்டன் பைக்குக்கு 1999இல் ஒரு முறையாகக் கொண்டுவந்தது. உள்ளே ஊற்றுகிற சீலன்ற் பெரும்பாலும் ரப்பர் பால்தான். கேகாலையிலும் களுத்துறையிலும் மரத்தில் வெட்டி எடுக்கிற அதே பால். முள்ளுக் குத்தினால் அது கசிந்து உறைந்து ஓட்டையை அடைக்கும். கல்லுக்கும் றிம்முக்கும் நடுவில் நசிந்து வெடிக்க ரியூப் இல்லாதபடியால் 35 பிஎஸ்ஐ அடித்த இடத்தில் 25 போதும், பிடிமானமும் கூடும். இதெல்லாம் உண்மை. ஆனால் ஒரு கூர்க்கல் ரயரின் பக்கச் சுவரைக் கிழித்தால் எந்தப் பாலும் அதை அடைக்காது. தேயிலைத் தோட்டத்துக் கல் றோட்டில் எங்கட ரயர்களைக் கொல்லுகிறது இந்தக் கிழிசல்தான்.

அப்ப பார்க்க வேண்டியது ரப்பருக்குள் இருக்கிற நூல் துணியை, கேஸிங்கை. டிபிஐ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள்: ஒரு அங்குலத்தில் எத்தனை நூல். 120 என்றால் 60ஐ விடப் பலம் என்று நினைக்கிறவர்கள் கனபேர். 120இல் நூல் மெல்லியது, ரயர் இலேசாகும், நல்லா வளையும். 60இல் நூல் தடிப்பு. அதைவிட முக்கியம், துணி ஒற்றைப் படையா இரட்டைப் படையா என்பது. மாக்சிஸில் எக்ஸோ ஒற்றைப் படை, பக்கத்தில் ஒரு பாதுகாப்புத் துணியோடு; டபுள் டவுன் இரட்டை. ஷ்வால்பேயில் சூப்பர் கிறவுண்டில் தொடங்கி சூப்பர் டவுன்ஹில் வரை தடிப்புக் கூடிக்கொண்டு போகும். ஒரே பெயர், ஒரே பல், உள்ளுக்குள்ள துணி மட்டும் வேற. கொழும்பில் ஒரு கடையில் கேஸிங் என்ன எண்டு கேட்டதுக்கு, "எல்லாம் ரியூப்லெஸ்தான் தம்பி" என்று பதில் வந்தது. கேட்க ஆள் இல்லாவிட்டால் ரயரின் பக்கத்தை வாசியுங்கோ, அச்சடித்திருக்கும்.

"பாரமெண்டா ஏத்தத்தில என்னடா செய்யிறது?" நியாயமான கேள்வி. இரட்டைப் படை ரயர் 200, 250 கிராம் கூடுதலாக இருக்கும். அரைப் போத்தல் தண்ணி. அதையும் இரண்டு சில்லுக்கும் போடத் தேவையில்லை. உடம்புப் பாரமும் கல்லடியும் கூடுதலாக விழுகிறது பின்சில்லில். தடிப்பு அங்கே போகட்டும், ரப்பரும் அங்கே கடினமானதாக இருக்கட்டும். மென்மையான ரப்பரைப் பின்னுக்குப் போட்டால் சீக்கிரம் தேய்ஞ்சு போயிடும். முன்னுக்கு அது நல்லது, வளைவில் பிடிக்கும். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறின நாட்டில், இறக்குமதி ரயர் ஒன்றை முதல் மாதமே கிழித்து எறிய எந்த மாணவரிட்ட காசிருக்கு?

யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு வேற கணக்கு. மலையே இல்லாத ஊரில் ரியூசன் வாசலில் நிற்கிற மவுண்டன் பைக்குகளைப் பாருங்கோ! அங்க எதிரி முள்ளு. ஒற்றைப் படையும் பாலும் தாராளம், இரட்டைப் படை வீண் செலவு. ஆனால் அந்த வெயிலில் பால் கெதியாகக் காயும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கா பார்த்து ஊற்ற வேணும். மலிவுச் சைக்கிள்களில் வருகிற றிம் பெரும்பாலும் ரியூப்லெஸ்ஸுக்குச் சரிவராது. அவர்கள் வால்கட்டையைக் கழற்றி ரியூப்புக்குள்ளேயே பாலை ஊற்றலாம். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

இன்னொன்று, வால்வு. நல்ல சில்லுகளில் வருகிற மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு எங்கட பெற்றோல் செட்டில் இருக்கிற காற்றுக் குழாய் பொருந்தாது. ரயரை முதல்முறை றிம்மில் ஏற்ற ஒரேயடியாகக் காற்று வேணும், கைப்பம்மால் பெரும்பாடு. பித்தளை அடப்டர் ஒன்று வாங்கி வையுங்கோ, சின்னச் சாமான்தான். பையுக்குள் மோட்டார் சைக்கிள் ரயருக்குக் குத்துகிற ரப்பர் திரி, உள்பக்கமாக வைக்கப் பழைய ரயர்த் துண்டு ஒன்று, அதோடு ஒரு ரியூப். ஓம், ரியூப்தான். யூரியூப்காரர் பலர் இதைச் சொல்ல மாட்டினம்.