நாற்பது புள்ளி சைபர் ஒன்று

பி.காம். படித்தவனை லேத்துப் பட்டறைக்குச் சாமான் வாங்க அனுப்பக் கூடாது என்பது எங்கள் மாமாவுக்கு இப்போது தெரியும். போன வருஷம் தெரியாது.

வாழப்பாடியில் சேலம்-ஆத்தூர் ரோட்டை ஒட்டி மாமாவின் பட்டறை. ஒரு லேத்து, ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட், மூன்று வருஷத்து லட்சுமி காலண்டர்கள். சுற்றிலும் பாக்கும் குச்சிக்கிழங்கும் விளைகிற பூமி. எனவே சேகோ மில் ஷாஃப்ட், பம்ப்செட் புஷ், டிராக்டர் பின் என்று வேலைக்குப் பஞ்சமில்லை.

"மாப்ளே, சேலம் போனா ஒரு வெர்னியர் வாங்கிட்டு வந்துருங்க. பழசுல கோடு தெரிய மாட்டேங்குது" என்றார்.

கோடு தேயவில்லை. மாமாவுக்கு வயசு 58. நாகரிகம் கருதி அதை நான் சொல்லவில்லை.

சேலத்துக் கடையில் மூன்று ஜாதி வெர்னியர் காட்டினார்கள். கோடு பார்த்துப் படிப்பது, கடிகாரம் மாதிரி முள் வைத்தது, நம்பர் காட்டுகிற டிஜிட்டல். கோடு போட்டதைவிட டிஜிட்டல் விலை குறைவு! காஸ்ட் அக்கவுண்டன்ஸியில் 62 மார்க் வாங்கியவன் எதை வாங்குவான்? வாங்கினேன். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேட்டரி தீந்தா?" என்று மட்டும் கேட்டார்.

"மாத்திக்கலாங்க மாமா."

"ம்."

அந்த 'ம்'முக்கு அர்த்தம் மாசியில் தெரிந்தது.

ஒரு சேகோ மில்லில் கிழங்கு அரைக்கிற ரோலரின் ஷாஃப்ட் போய்விட்டது. சாயங்காலம் கொண்டுவந்து போட்டார்கள். பேரிங் நம்பர் 6308. அதன் உள் விட்டம் 40 மில்லிமீட்டர். பேரிங் ஷாஃப்ட்டில் இறுக்கமாக உட்கார வேண்டுமானால் ஷாஃப்ட் 40.002-இலிருந்து 40.018-க்குள் இருக்க வேண்டும். கவனியுங்கள், மொத்தச் சலுகையே 16 மைக்ரான். உங்கள் தலைமுடி ஒன்று அதைப் போல மூன்று நாலு மடங்கு தடிமன் (தலையில் மிச்சமிருப்பவர்களுக்கு).

மாமா கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். ஐ.டி.ஐ. முடித்த மாமா பையன் கடைந்தான். நான் பக்கத்தில் டீ. கடைசிச் சீவலை எடுத்துவிட்டு டிஜிட்டலை வைத்தான். 40.01.

"பாத்தீங்களா மாமா, புள்ளி சைபர் ஒண்ணு!" என்றான். நானும் என் சொந்தக் கொள்முதலைத் தட்டிக்கொடுத்தேன்.

மாமா வந்து பேரிங்கை மாட்டிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. சுத்தியலே கேட்காமல் உட்கார்ந்தால் அது பேரிங் இல்லை, வளையல். பீரோவிலிருந்து வெல்வெட் துணி சுற்றிய மைக்ரோமீட்டரை எடுத்தார். 39.96.

பாக்கி 0.05 எங்கே போனது? இரண்டு திருடர்கள். ஒருவன் சூடு. கடைந்த கையோடு தொட்டால் சுடும் ஷாஃப்ட். சுற்றுச் சூட்டைவிட ஐம்பது டிகிரி கூடுதல் என்றால் 40 மில்லிமீட்டர் இரும்பு 0.023 வீங்கும். ஆறினதும் இளைத்துவிடும். இன்னொருவன் கருவியே. டிஜிட்டலில் இரண்டு தசமம் தெரிவது வேறு, இரண்டு தசமம் சரியாக இருப்பது வேறு. நல்ல கம்பெனி வெர்னியரே 0.02, 0.03 முன்னே பின்னே இருக்கும் என்று பெட்டியிலேயே போட்டிருப்பான். நான் வாங்கியதன் பெட்டியில் 'ஹை பிரிசிஷன்' என்று மட்டும் போட்டிருந்தது.

காமர்ஸ்காரர்களுக்கு இது புதிதில்லை. ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆனதாலேயே கணக்கு சரி என்று ஆகிவிடாது என்று முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சைக்கு எழுதினேன், பட்டறையில் மறந்தேன்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1990-இல் அமெரிக்கா விண்ணில் ஏற்றிய ஹப்பிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடி, ஓரத்தில் சுமார் 2 மைக்ரான் தப்பாகத் தேய்ந்திருந்தது. தேய்த்தவன் தப்பில்லை, அளந்து பார்க்கிற கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. வேறு சோதனையில் தப்பு தெரிந்தும், 'நம்ம கருவிதான் ஒசத்தி' என்று ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசம்பரில் ஆட்களை அனுப்பிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அவர்களிடம் விண்கலம் இருந்தது. எங்களிடம் வெல்டிங் செட்.

ஷாஃப்ட்டில் உலோகத்தை எடுக்கலாம், திருப்பி ஒட்ட முடியாது. சிலர் பஞ்ச் வைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்திப் பேரிங்கை ஏற்றிவிடுவார்கள். மாமா பையன் அதைச் சொல்லி வாயை மூடுவதற்குள் மாமா ஒரு பார்வை பார்த்தார். வெல்டிங் ஏற்றி, ஆறவிட்டு, மறுபடி கடைவதென்று முடிவானது. மணி பத்து.

பன்னிரண்டு மணிக்கு மில்லிலிருந்து ஒருவர் வந்தார். மில் ஆள் இல்லை, விவசாயி. இரண்டு டிராக்டர் கிழங்கு, முந்தின நாள் பிடுங்கியது, மில் வாசலில் நிற்கிறதாம். குச்சிக்கிழங்கு பிடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுக்க ஆரம்பித்துவிடும். மாவுச்சத்தை அளந்து, பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்றுதான் அவருக்கு விலை. கிழங்கு நிற்க நிற்க அவர் பாயிண்ட் இறங்கும்.

அவர் சத்தம் போடவில்லை. "காலைல ஆயிருங்களா?" என்று கேட்டுவிட்டு வாசல் பெஞ்சில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. விடிய ஐந்தரைக்கு ஷாஃப்ட் போனது. ஆறின பிறகு, மைக்ரோமீட்டரில் 40.01. அவருக்கு எத்தனை பாயிண்ட் இறங்கியது என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியமில்லை.

அதற்கப்புறம் நான் மாமாவிடம் டியூஷன் போனேன். வெர்னியர் என்பது ஒரு ஆள். பியேர் வெர்னியே, பிரெஞ்சுக் கணிதக்காரர், 1631-இல் புத்தகம் போட்டார். யோசனை இவ்வளவுதான்: 49 மில்லிமீட்டரை 50 பாகமாகப் பிரி. ஒவ்வொரு பாகமும் 0.98. முழு மில்லிமீட்டருக்கும் இதற்கும் வித்தியாசம் 0.02. எந்தக் கோடு எந்தக் கோட்டோடு நேராக நிற்கிறது என்று பார்த்தால் போதும். பேட்டரி வேண்டாம், எண்ணெய் பட்டாலும் துடைத்துவிட்டுப் படிக்கலாம். கண் மட்டும் வேண்டும். இல்லாதவருக்கு ஒரு பூதக்கண்ணாடி. முள் வைத்தது படிக்கச் சுகம், ஆனால் பல்சக்கரத்தில் ஒரு சீவல் விழுந்தால் முள் தாண்டிக் குதித்துப் பொய் சொல்லும். டிஜிட்டல் வாங்கினால் தண்ணீர், கூலண்ட் தாங்குகிறதாக, பெயருள்ளதாக வாங்க வேண்டும். மலிவு டிஜிட்டல் பல, ஆஃப் செய்த பிறகும் ரகசியமாகப் பேட்டரி தின்னும்.

எதுவானாலும் பேரிங் உட்காரும் இடத்துக்கு வெர்னியர் ஆகாது, மைக்ரோமீட்டர்தான். வெர்னியரில் ஸ்கேல் ஒரு இடம், பொருள் ஒரு இடம். அழுத்திப் பிடித்தால் தாடை கொஞ்சம் சாயும். மற்ற வேலைக்கெல்லாம் வெர்னியர் ராஜா. வெல்டிங் கேட் செய்கிறவர்களுக்கு அதுவும் வேண்டாம். அவர்கள் இன்னும் நூல் கணக்குதான், இஞ்சில் எட்டில் ஒன்று. மெட்ரிக் வந்து அறுபது வருஷத்துக்கு மேலாகிறது, நூல் அறுந்தபாடில்லை.

போன மாதம் மாமாவுக்கு இரண்டாவது வெர்னியர் வாங்கப் போனேன், என் செலவில். தாடைகளை மூடி ட்யூப் லைட்டுக்கு எதிரே பிடித்தேன், வெளிச்சம் கசியவில்லை. சைபர் சரியாக நின்றது. சட்டைப் பையிலிருந்து நல்ல கம்பெனியின் புது 6205 பேரிங்கை எடுத்தேன். அதன் வெளி விட்டம் 52 மில்லிமீட்டர். கூடாது, குறைந்தாலும் 13 மைக்ரானுக்கு மேல் குறையாது. ஏழைக்கேற்ற ஸ்டாண்டர்ட். தாடையின் அடியில் ஒரு தடவை, நுனியில் ஒரு தடவை வைத்தேன். முதல் பீஸ் நுனியில் 52.06 என்றது, தள்ளிவைத்தேன். நாலாவது பீஸ் இரண்டு இடத்திலும் 52 காட்டியது.

கடைக்காரர் பில் போடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார் எந்தக் கம்பெனியில குவாலிட்டி பாக்கறீங்க?"

"அக்கவுண்ட்ஸுங்க" என்றேன்.