வால்வின் மேல் போடும் பழி

பழைய வால்வு ஆம்பிளிஃபயரைப் பிரித்துப் புதுப்பித்த பின் ஒலிபெருக்கியில் ‘ஊம்’ என்று இரைச்சல் எழுந்தால் வால்வு கெட்டுவிட்டது என்பதும், புது வால்வு போட்டால் அது அடங்கும் என்பதும், அப்படியும் அடங்காவிட்டால் வால்வு செட் சற்று இரையத்தான் செய்யும் என்பதும் மைக் செட் தொழிலிலும் பழம்பொருள் ஆர்வலரிடையேயும் ஒருங்கே உலவும் நம்பிக்கைகள். தமிழக–கேரள எல்லையில் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரச் சிற்றூர்களும் இதற்கு விலக்கல்ல. இந்நம்பிக்கையின் மூன்று பகுதிகளும் பிழையானவை என்பதோடு, கடைசிப் பகுதி சோம்பலுக்குச் சூட்டிய நல்ல பெயரும் ஆகும்.

இரைச்சல் வால்வின் பிறவிக் குணம் என்றால், டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, 1943-இல் திருவிதாங்கூர் அரசு திருவனந்தபுரத்தில் தொடங்கிய வானொலி நிலையம் செய்தியையும் பாட்டையும் ஒலிபரப்பியிருக்க முடியாது. அங்கே குரலை வளர்த்ததும் காற்றில் ஏற்றியதும் வால்வுகளே. வால்வின் மீது பழி விழுவதற்குக் காரணம் வேறு: கருவி முழுவதிலும் சால்டர் இல்லாமல் கையால் கழற்றி மாட்டக்கூடிய முக்கிய உறுப்பு அது ஒன்றுதான். எளிதில் மாற்றக்கூடியதே கெட்டிருக்கும் என்று எண்ணுவது கைக்கு வசதியான முடிவே தவிர, ஆய்ந்து கண்ட முடிவு அன்று.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடு நின்றது. ஆனால் களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும் இன்று வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்ட ஒரே மாறுமின்சாரம்தான் என்பதால், இரைச்சலின் இலக்கணமும் இருபுறமும் ஒன்றே. வால்வின் உள்ளே கேத்தோடைச் சூடாக்கும் இழையிலிருந்தோ, மின்மாற்றிக்கு அருகே செல்லும் கம்பியிலிருந்தோ கசிவது 50 ஹெர்ட்ஸ், அதாவது தாழ்ந்த முனகல். மாறுமின்னோட்டத்தின் இரு பாதிகளையும் ஒரே திசைக்குத் திருப்பும் முழு அலைத் திருத்தியைத் தாண்டி வரும் அலை 100 ஹெர்ட்ஸ், ஒரு ஸ்தாயி உயர்ந்த கரகரப்பு. பின்னது கேட்டால் குற்றம், அந்த அலையை நிரவ வேண்டிய ஃபில்டர் கண்டன்சர் வறண்டதிலோ தரைக்கம்பிகள் இணைந்த முறையிலோ இருக்கும். அங்கே வால்வை மாற்றுவது தலைவலிக்குக் காலில் தைலம் பூசுவது போன்றது.

அடுத்தது பயாஸ், அதாவது வால்வின் வழியே ஓய்வு நிலையில் எவ்வளவு மின்னோட்டம் செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிக்க அதன் கிரிட்டுக்குக் கொடுக்கும் எதிர்மின்னழுத்தம். வால்வின் பிளேட் சிவந்து ஒளிர்ந்தால் வால்வு ‘ஷார்ட்’ என்று சொல்லிவிடுகிறார்கள். முந்தைய கட்டத்தின் உயர் மின்னழுத்தம் கிரிட்டை எட்டாமல் தடுக்க வேண்டிய இணைப்புக் கண்டன்சர் வெறும் 50 மைக்ரோஆம்பியர் கசிந்தாலும், 220 கிலோஓம் கிரிட் ரெசிஸ்டரில் 11 வோல்ட் நேர்மின்னழுத்தம் ஏறி, பயாஸின் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. கசியும் கண்டன்சரை அப்படியே விட்டுப் புது வால்வைச் செருகினால் அதுவும் சிவக்கும். விலை மட்டும் இரண்டாம் முறை கொடுக்கப்பட்டிருக்கும்.

இரைச்சலும் பயாஸும் தனித்தனி நோய்கள் என்று கொள்வதும் தவறே. இரு வால்வுகள் எதிரெதிராக இழுக்கும் புஷ்-புல் அமைப்பில், மின்வழங்கியில் மிஞ்சிய 100 ஹெர்ட்ஸ் அலை வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் இரு பாதிகளிலும் சமமாக ஓடி ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஒரு வால்வின் பயாஸ் பிசகினால் அச்சமநிலை குலைந்து, அதுவரை ஒளிந்திருந்த அலை ஒலிபெருக்கியில் வெளிப்படும். அளக்க வழியும் எளிது: கேத்தோடுக்கும் தரைக்கும் இடையே 1 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் மல்டிமீட்டர் காட்டும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லிஆம்பியர். 25 வாட் வெப்பம் தாங்கும் இ.எல்.34 வால்வை 450 வோல்ட்டில், அந்த வரம்பின் 70 விழுக்காட்டில் நிறுத்த வேண்டுமானால் ஏறத்தாழ 39 மில்லிஆம்பியர் போதும்.

இந்நம்பிக்கையின் கொடிய கிளை, இரைச்சல் அடங்குகிறதே என்று மூன்று முள் பிளக்கின் எர்த் கம்பியை வெட்டிவிடுவது. இரு கருவிகளின் தரை இணைப்புகள் வளையமாகும்போது எழும் இரைச்சல் அதனால் குறையலாம். ஆனால் மின்மாற்றியின் காப்பு பழுதானால் இரும்புப் பெட்டியில் 230 வோல்ட் ஏறி, மைக்கின் உலோக உறையைப் பிடித்தவர் கையில் வந்து முடியும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழைகளும் நனைக்கும் இவ்வட்டாரத்தின் ஈர மண்ணில் அது ஆளைக் கொல்லும் செயல். வளையத்தைக் கருவிகளுக்கு இடையிலான ஒலிக்கம்பியில்தான் உடைக்க வேண்டும், எர்த்தில் அல்ல.

வால்வு ஒருபோதும் குற்றம் செய்யாது என்பது இதன் பொருளன்று. சூட்டிழைக்கும் கேத்தோடுக்கும் இடையே கசிவு ஏற்பட்ட முன்கட்ட வால்வு 50 ஹெர்ட்ஸில் முனகத்தான் செய்யும். ஆனால் அது நிரூபிக்கப்பட வேண்டிய குற்றம். ஒலிபெருக்கியை மாட்டியபடியே முன்கட்ட வால்வுகளை உள்ளீட்டுப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி இரைச்சல் எக்கட்டத்தில் நிற்கிறது என்று காதால் கேட்டு, வெளியீட்டு வால்வைக் கழற்றிவிட்டு அதன் சாக்கெட்டில் கிரிட் மின்னழுத்தம் சரியாக எதிர்மறையில் நிற்கிறதா என்று அளந்து, மின்சாரத்தை நிறுத்தி உயர் மின்னழுத்தக் கண்டன்சர்களை ரெசிஸ்டர் வழியே வெறுமையாக்கிய பின்னரே உள்ளே கைவைப்பது முறை. இந்த வரிசையைக் கடந்த பிறகும் சந்தேகம் வால்விலேயே நின்றால் வால்வை வாங்கலாம். அதற்கு முன் வாங்குபவர் பழுதுக்கு அல்ல, மூடநம்பிக்கைக்கே விலை கொடுக்கிறார்.