படித்த வாலிபர்களும் கிராமத் தொண்டும்

படித்த வாலிபர்கள் கிராமத்திற்குப் போய்த் தொண்டு செய்யவேண்டும் என்று உபதேசம் செய்யாத மந்திரியும் இல்லை, துணைவேந்தரும் இல்லை, பட்டமளிப்பு விழாப் பிரசங்கியும் இல்லை. 1969-ல் நாட்டு நலப்பணித் திட்டம் என்பதாக ஒன்று ஏற்பட்டது முதல் இதற்குக் கணக்கும் ஏற்பட்டுவிட்டது. ஒரு மாணவன் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் தொண்டு செய்யவேண்டும். ஏழு நாள் ஒரு கிராமத்தில் முகாம் போடவேண்டும். செய்து முடித்தால் ஒரு சான்றிதழ். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஏழு நாளில் நடப்பது என்ன என்பதைத்தான் நாம் கேட்கின்றோம்.

நாம் கண்ட முகாம்களில் பெரும்பாலானவற்றின் யோக்கியதை இதுதான். முதல் நாள் ஊர்ப் பெரிய மனிதர் குத்துவிளக்கு ஏற்றுவார். இரண்டாம் நாள் கோயில் பிரகாரத்தில் புல் செதுக்குவார்கள். அதற்கு உழவாரப் பணி என்று பெயர். மூன்றாம் நாள் மரக்கன்று நடுவார்கள்; மறுவாரம் அதற்குத் தண்ணீர் ஊற்றப் போகிறவன் யார் என்பது ஊராருக்கும் தெரியாது, நட்டவர்களுக்கும் தெரியாது. பிறகு பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று ஓர் ஊர்வலம், கோஷம் போட்டுத் தொண்டை வறண்டவர்களுக்குப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் தண்ணீர், அப்புறம் போட்டோ. ஏழாம் நாள் பஸ் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். இந்த ஏழு நாளில் அவ்வூர்ச் சேரிக்குள் எத்தனை பேர் கால் வைத்தார்கள்? எத்தனை பேர் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்? சுடுகாட்டுக்குப் பாதை இருக்கிறதா என்று யார் விசாரித்தார்கள்? விசாரித்திருந்தால் விளக்கேற்றிய பெரிய மனிதருக்குக் கோபம் வந்திருக்கும்.

நமக்குத் தொண்டு என்கிற வார்த்தையே பிடிக்கவில்லை. தொண்டு என்றால் கொடுக்கிறவன் மேலே, வாங்குகிறவன் கீழே என்றாகிறது. சர்க்கார் கல்லூரியில் படிக்கிறவன் கட்டுகிற சம்பளத்தில் அந்தக் கல்லூரிக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூடக் காணாது. மீதியை யார் கட்டுகிறார்கள்? தீப்பெட்டி வாங்குகிறவனும், சோப்பு வாங்குகிறவனும், கள்ளுக்கு மாறாகச் சர்க்கார் கடைச் சாராயத்தைக் குடித்துக் கெடுகிறவனுங்கூட வரியாகக் கட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்தைப் பார்த்திராத கிழவியின் காசில் பட்டம் வாங்கினவன், அந்தக் கிழவிக்குத் தான் தர்மம் செய்வதாகச் சொல்லிக்கொள்வது கடன் வாங்கினவன் கடன்காரனுக்குப் பிச்சை போடுவதாகப் பெருமை பேசுவது போன்றதாகும்.

நிற்க, ஆராய்ச்சி என்று ஒன்று இருக்கிறது. 1916-ல் சென்னைச் சர்வகலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் வெள்ளைக்காரர், தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று எழுதி வரச் செய்தார். அது 1918-ல் புத்தகமாக வந்தது. அவ்வூர்களில் ஒன்று, அன்று வட ஆற்காடு ஜில்லாவிலும் இன்று திருவண்ணாமலை ஜில்லாவிலும் இருக்கிற தூசி கிராமம். 1936-37-ல் பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் என்பவர்கள் அவ்வூர்களை மறுபடியும் ஆராயச் செய்தார்கள். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் தூசிக்கு மறுபடியும் வந்தார்கள். இதற்கு நடுவில், 1973-74-ல், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையாரும் சென்னையாரும் சேர்ந்து வட ஆற்காட்டில் 11 கிராமங்களில் புது நெல் வந்ததனால் யாருக்கு லாபம் என்று பார்த்தார்கள்.

இவற்றை நாம் குறை சொல்ல வரவில்லை. ஜாதகத்தையும் தலையெழுத்தையும் நம்பிக் கிடந்த ஜனங்களின் தரித்திரத்திற்குக் காரணம் நிலத்திலும் கூலியிலும் வட்டியிலும் இருக்கிறது என்று கணக்கெடுத்துப் பார்ப்பது பகுத்தறிவு வேலையேயாகும். ஆனால் அவையெல்லாம் இங்கிலீஷில் அல்லவா அச்சாகி இருக்கின்றன? தூசியில் ஏர் பிடித்தவனும் நாற்று நட்டவளும் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்கள். அந்தப் பதிலிலிருந்து என்ன முடிவு ஏற்பட்டது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்குப் பாத்தியதை இல்லையா? கோயிலில் புரோகிதன் புரியாத பாஷையில் நம்மைப்பற்றியே ஏதோ சொல்லிவிட்டுத் தட்சிணை வாங்கிக்கொண்டு போகிறான். படித்தவனும் ஊராரைப்பற்றி ஊராருக்குப் புரியாத பாஷையில் எழுதி டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு போனால் இருவருக்கும் வித்தியாசம் என்ன?

இது வெறும் படிப்பு விஷயம் மட்டுமல்ல, உயிர் விஷயமுமாகும். 2024 டிசம்பர் 1-ந் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் வீட்டின்மேல் விழுந்து 7 பேர் செத்தார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். அதன் பிறகு மண்ணையும் பாறையையும் பற்றித் தெரிந்த நிபுணர்கள் வந்தார்கள், பார்த்தார்கள். அந்த வருஷம் தீபத்தன்று பொது ஜனங்களை மலைமேல் ஏற விடவில்லை. அப்படிச் செய்தது சரியே. சாக்ஷாத் ஈஸ்வரனே மலையாக நிற்கிறான் என்று சொல்லுகிற ஊரில், அந்த மலை வழுக்குமா வழுக்காதா என்று தெரிந்துகொள்ள மண்ணியல் படித்தவனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது என்பதைப் பக்தர்கள் கவனிப்பார்களாக. ஆனால் நமது கேள்வி வேறு. அடிவாரத்தில் குடியிருக்கிற ஏழைகளின் தெருவிற்கு மழைக்கு முன்பே யாராவது படித்தவன் போய், இந்த இடத்தில் தண்ணீர் இப்படி இறங்கினால் ஓடிவிடு என்று தமிழில் சொல்லியிருந்தால் என்ன? நெய்யும் கொப்பரையும் மலைக்கு ஏறுவதற்கு எத்தனை ஏற்பாடு நடக்கிறது! அதில் நூற்றில் ஒரு பங்கு இதற்கு நடந்திருக்கக் கூடாதா?

செய்தால் நடக்கும் என்பதற்கும் அத்தாட்சி இருக்கிறது. 1991-ல் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி இயக்கத்தில், கல்லுடைக்கும் பெண்களும் கூலிப் பெண்களும் எழுத்துக் கற்றுக்கொண்டதோடு நிற்காமல் சைக்கிள் விடவும் கற்றுக்கொண்டார்கள். பெண்பிள்ளை சைக்கிள் ஏறினால் குடும்பம் கெட்டுவிடும் என்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அதேபோல், கொரோனா நோயினால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி ஆரம்பமான காலத்தில், சாயங்காலத்தில் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய்தான் கொடுத்தார்கள். பேராசிரியர்கள் வந்ததாக நமக்குத் தெரியாது.

வைத்திய மாணவர்களுக்கும் 2022-ல் ஒரு விதி வந்திருக்கிறது. ஒவ்வொருவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்து எடுத்துக்கொண்டு படிப்புக் காலத்தில் கவனித்து வரவேண்டுமாம். யாருக்கு யார் தத்து என்பது ஒருபுறமிருக்க, காரியம் மிக நல்லது. அதே மருத்துவ ஆணையம் அதே வருஷத்தில் சரகர் பேரால் ஒரு பிரமாணத்தையும் சிபாரிசு செய்தது. அதை மதுரை மருத்துவக் கல்லூரியில் சொல்லப்போய்க் கூச்சல் கிளம்பி, முதல்வரைப் பதவியிலிருந்து மாற்றுவதும், சில நாளில் திரும்ப வைப்பதுமாக ஆயிற்று. எந்த ரிஷியின் பேரால் சத்தியம் செய்தான் என்பதைப்பற்றி நோயாளிக்குக் கவலை இல்லை. திருவண்ணாமலை மாணவன் தத்து எடுக்கிற குடும்பங்கள் ரோட்டோரத்து மாடிவீடுகளா, சேரி வீடுகளா, ஜவ்வாது மலையிலுள்ள வீடுகளா என்பதே கவலை.

இனி வேங்கிக்காலுக்கு வருவோம். ஜில்லா கலெக்டர் ஆபீஸ் இங்கேதான் இருக்கிறது. திங்கட்கிழமை தோறும் குறை கேட்கும் நாள். பட்டா, முதியோர் பென்ஷன், ஜாதிச் சான்று, புறம்போக்கு, பாதைத் தகராறு என்று ஜில்லா முழுவதிலிருந்தும் ஜனங்கள் காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். எழுதத் தெரியாதவன் காசு கொடுத்து மனு எழுதிக்கொள்கிறான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைரேகை வைக்கிறான். இத்தனை கல்லூரிகள் உள்ள ஊரில் இருபது மாணவர்கள் அன்று காலையில் ஒரு மேஜை போட்டு உட்காரக்கூடாதா? மனுவை இலவசமாக எழுதிக்கொடுக்கட்டும். எழுதியதை அவனுக்கே படித்துக் காட்டட்டும். கூட வந்த பேரனுக்கு அடுத்த மனுவைத் தானே எழுதக் கற்றுக்கொடுக்கட்டும். எந்த ஊர், என்ன குறை, எத்தனையாவது தடவை வருகிறான் என்பதைப் பேர் இல்லாமல் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். சட்டம் படித்த வக்கீல்களும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தாசில்தார்களும் இரண்டு பேர் பக்கத்தில் இருந்தால் போதும். ஒரு வருஷத்தில் அந்த நோட்டு, எந்தத் தாலுகாவில் எந்த ஆபீஸ் ஜனங்களை அலைய வைக்கிறது என்று சொல்லிவிடும். அதைத் தமிழில் அச்சடித்து, மனுக் கொடுத்தவர்கள் ஊரிலேயே, சேரியிலும் சேர்த்து, வாசித்துக் காட்டவேண்டும்.

திங்கட்கிழமை கல்லூரி உண்டே, பாடம் கெட்டுப்போகுமே என்று சில பேராசிரியர்கள் சொல்லக்கூடும். கார்த்திகைத் தீபத்திற்கு ஜில்லா முழுவதற்கும் உள்ளூர் விடுமுறை விட்டு, அதற்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை பாடம் நடத்திச் சரிக்கட்டத் தெரிந்தவர்களுக்கு, மாதத்தில் ஒரு திங்கட்கிழமை இருபது பேரை வேங்கிக்காலுக்கு அனுப்பிவிட்டுச் சரிக்கட்டுவது எப்படி என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?