மேடையே மருந்தாகிவிடாது

“பாடுகிறவருக்கும் ஆடுகிறவருக்கும் மனநோய் எங்கிருந்து வரும்? கலையே அவர்களுக்கு மருந்தாயிற்றே!” ஜொகூரில் கலைஞர்களின் மனநலம் பற்றி யார் பேச்செடுத்தாலும் இந்தப் பதில் வந்துவிடுகிறது. சொல்பவர்கள் கலைஞர்கள்மேல் அன்புள்ளவர்கள்தான். ஆனாலும் இது தவறு; ஆளையே கெடுக்கும் தவறு.

கலை மனத்தை ஆற்றும் என்பதை நானும் நம்புகிறேன். கேள்வி, அதை வைத்துப் பிழைப்பது பற்றியது. 2016-இல் பிரிட்டனின் ‘ஹெல்ப் மியூசிஷியன்ஸ்’ அமைப்புக்காக நடந்த ஆய்வில் இசைத்துறையினர் 2,211 பேர் பங்கேற்றார்கள். கடும் பதற்றமோ திடீர்ப் பீதியோ கண்டதாக 71 விழுக்காட்டினரும், மனச்சோர்வு கண்டதாக 68.5 விழுக்காட்டினரும் சொன்னார்கள். இசை ஆறுதல் தருகிறது, இசைத்தொழில்தான் நோகடிக்கிறது என்பதே அதன் சாரம். நிலையில்லாத வருமானம், நேரங்கெட்ட வேலை என்று அவர்கள் சொன்ன காரணங்கள் மாசாயிலும் கூலாயிலும் உருமி அடிப்பவருக்குப் புதிதல்ல. பகலில் பாசிர் கூடாங் தொழிற்சாலை, அல்லது பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை. இரவில் திருவிழா மேளம். நள்ளிரவு தாண்டித்தான் சாப்பாடு. விடிவதற்குள் மறுபடி பாலத்து நெரிசல். பேசிய தொகையில் பாதி ‘அடுத்த வாரம்’ என்று நிற்கும். அழுத்திக் கேட்டால் அடுத்த வருடம் கூப்பிடமாட்டார்களோ என்ற பயம். இந்தப் பயத்தை எந்த ராகம் தீர்க்கும்?

வலி இருந்தால்தான் கலை பிறக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. தூக்கம் கெட்டவருக்குத் தாளம் தப்பும், பதறுகிறவருக்குத் தொண்டை அடைக்கும். மேடை ஏறியவர்களுக்கு இது தெரியும்.

“பகுதிநேர வேலைதானே, நிகழ்ச்சி போனால் என்ன?” என்பது இன்னொரு வாதம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. திருமணங்களும் திருவிழாக்களும் நின்றன. பாலம் முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் ஆயிற்று. அந்தக் காலத்தில் கலைஞர் இழந்தது பணத்தை மட்டுமல்ல. ஊர் தன்னை இன்னார் என்று அறிந்திருந்த அடையாளமும் போயிற்று.

‘உதவிதான் ஏற்கெனவே இருக்கிறதே’ என்பதில் ஓரளவு உண்மை உண்டு. தம்போயில் பெர்மாய் மனநல மருத்துவமனை இருக்கிறது, மெந்தாரி சமூக மனநல மையங்கள் இருக்கின்றன, 15555 எண்ணில் அழைத்துப் பேசலாம். தற்கொலை முயற்சி 2023 செப்டம்பர் முதல் குற்றமும் அல்ல. ஆனால் மருத்துவரைப் பார்ப்பது பகலில். போவதற்குச் சம்பளத்தோடு விடுப்பு தர மேளக்காரருக்கு முதலாளி இல்லை. தம்போய்ப் பக்கம் போனதை யாராவது பார்த்துவிட்டால் வாய்ப்பு போய்விடுமோ என்ற கூச்சம் வேறு. சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ சமூகப் பாதுகாப்புத் திட்டம் 2020 முதல் கலைத்துறைக்கும் உண்டு. நல்ல திட்டம்தான், ஆனால் வேலையில் ஏற்படும் விபத்தை மனத்தில் வைத்து எழுந்தது அது. ஆடும்போது கால் முறிந்தால் கைகொடுக்கும், மனம் முறிந்தால்? தென் கொரியாவில் 2012-இல் நடைமுறைக்கு வந்த கலைஞர் நலச் சட்டத்தின்கீழ் அமைந்த அறக்கட்டளை, கலைஞர்களுக்கு மனநல ஆலோசனையும் தருகிறது. மலேசியாவிலும் அதைக் கேட்க வேண்டும். மாலை நேர ஆலோசனையைக் கலைஞர் சங்கங்கள் வழியாகவே தொடங்கலாம்.

சட்டம் வரும்வரை காத்திராமல் கோயில் நிர்வாகங்களும் திருமண வீட்டாரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பேசிய முழுத்தொகையையும் நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே கையில் கொடுப்பது. சமையற்காரருக்கும் பந்தல்காரருக்கும் பாக்கி வைக்கத் துணியாதவர்கள், மேளக்காரருக்கு மட்டும் ஏன் வைக்க வேண்டும்?