வாங்கிக்கொண்டோம், கேட்டுவைக்கவில்லை

2015 ஜனவரி 7 அன்று பி.எஸ். அப்துர் ரகுமான் காலமானபோது கீழக்கரையிலும் ராமநாதபுரத்திலும் நாம் அவருடைய கொடையைப் பற்றித்தான் பேசினோம். யாருக்குப் படிப்புச் செலவு கொடுத்தார், எந்தப் பள்ளிவாசலுக்கு உதவினார், எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தார் என்று ஆளுக்கொரு கதை சொன்னோம். எல்லாம் உண்மைதான். ஆனால் 1927இல் கீழக்கரையில் பிறந்து 87 வயது வரை வாழ்ந்த அந்த மனிதர் எப்படிச் சம்பாதித்தார் என்று அன்றைக்கு ஒரு வெளியூர்க்காரர் கேட்டிருந்தால், நம்மில் பெரும்பாலோர் வாயடைத்துப் போயிருப்போம்.

இளம் வயதிலேயே கடல் கடந்து வியாபாரத்துக்குப் போனவர். சென்னையில் ஜெமினி மேம்பாலம் 1973இல் திறக்கப்பட்டபோது அதைக் கட்டி முடித்தது அவரது குழுமத்தின் ஈஸ்ட் கோஸ்ட் கன்ஸ்ட்ரக்ஷன்ஸ். துபாயில் அல் குரைர் குடும்பத்தாரோடு கூட்டுச் சேர்ந்து ஈ.டி.ஏ. நிறுவனத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். வளைகுடாவில் எண்ணெய்ப் பணம் பெருகப்போகிற நேரம் அது. கட்டடம் கட்ட ஆள் தேவைப்படும், அந்த ஆளை நம் வறண்ட மண்ணிலிருந்து கொண்டுபோகலாம் என்று கணித்தது எவ்வளவு பெரிய வியாபார அறிவு! அந்தக் கணிப்பால்தான் நம் பக்கத்து இளைஞர்கள், முஸ்லிம்கள் மட்டுமல்ல, எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும், பாஸ்போர்ட் எடுத்தார்கள். விசா வந்ததும் சந்தோஷப்பட்டோம். விசாவுக்குப் பின்னால் இருந்த மூளையைப் படிக்க நாம் முயலவே இல்லை.

இது நமக்குப் பழைய பழக்கம். முன்னூறு ஆண்டுகளுக்கு முன் இதே கீழக்கரையில் வாழ்ந்த சீதக்காதிக்கும் இதைத்தான் செய்தோம். பெரியதம்பி மரைக்காயர், சேக் அப்துல் காதர் என்றெல்லாம் பெயர் கொண்ட அவர், ராமநாதபுர மன்னர் கிழவன் சேதுபதியின் நெருங்கிய நண்பர். முத்து, மிளகு, அரிசி என்று கப்பல் கப்பலாக வாணிபம் செய்தவர். டச்சுக்காரர்கள் இந்தக் கடலைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவரப் பார்த்த காலத்தில் அவர்களோடு பேரம் பேசவும் மல்லுக்கு நிற்கவும் தெரிந்தவர். செத்தும் கொடுத்தவர் என்ற கதையைப் பேரப்பிள்ளை வரை சொல்லிக்கொடுத்துவிட்டோம். உமறுப்புலவரைச் சீறாப்புராணம் பாடத் தூண்டியவர் என்பதையும் பாடப்புத்தகத்தில் சேர்த்தோம். அவருடைய கப்பல்கள் எந்தத் துறைமுகங்களுக்குப் போயின, சரக்குக்கு விலை எப்படிப் படிந்தது, கம்பெனிக்காரன் ஏன் அவரைக் கண்டு எரிச்சல்பட்டான் என்பதற்கு டச்சுக் கம்பெனியின் ஆவணங்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களைப் பார்த்து வியக்கிற நாம், அந்தக் கல்லுக்குப் பணம் எந்தக் கடலிலிருந்து வந்தது என்று கேட்டதில்லை.

நம் வீடுகளிலேயே எவ்வளவு இருந்தது! கொழும்பிலிருந்து வந்த கடிதங்கள், சங்கு ஏலக் கணக்குகள், அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழில் எழுதிய பற்றுவரவு நோட்டுகள். வீட்டை இடித்துக் கட்டும்போது பழைய காகிதம் என்று அள்ளிப் போட்டோம். மிச்சத்தைக் கரையான் தின்றது. அரபுத்தமிழை வாசிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை கண்முன்னே போய்க்கொண்டிருக்கிறது, நாம் அவர்களிடம் ஒரு பக்கம்கூட வாசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. டாக்டர் எஸ்.எம். கமால் ஒருவர் சேதுபதி செப்பேடுகளையும் இந்தக் கரை முஸ்லிம்களின் வரலாற்றையும் தேடித் தேடி எழுதினார். ஒரு மனிதர் தோளில் ஒரு ஜில்லாவின் நினைவு முழுவதையும் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டோம்.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. கொடுப்பவர் இருக்கிறார் என்ற தெம்பில் நம் கையை நாம் மறந்தோம். கீழக்கரையில் 1988இல் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி வந்தது. வயதுக்கு வந்த பெண்ணின் படிப்பை நிறுத்துவது சாதாரணமாக இருந்த ஊர் இது. அந்த வழக்கத்தை மாற்ற நாமாக எழுந்திருக்க வேண்டும். அப்துர் ரகுமான் கட்டடம் எழுப்பி வாசல் திறக்கும்வரை காத்திருந்தோம். வெளிநாட்டுப் பணத்தில் வீடு கட்டினோம், நகை வாங்கினோம், கல்யாணத்தைப் பெரிதாக நடத்தினோம். அந்தப் பணத்தில் நூறு பேருக்கு வேலை தருகிற ஒரு பட்டறையை, ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையைச் சேர்ந்து தொடங்க நம்மில் எத்தனை பேர் துணிந்தோம்? 2018இல் மத்திய அரசு நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியலிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்த இரண்டில் ஒன்று ராமநாதபுரம். இத்தனை வள்ளல்கள் பிறந்த மண்ணுக்கு அந்த இடம் வந்ததில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு.

1970களில் துபாய்க்குப் போன முதல் சபராளிகள் இன்று எழுபது, எண்பது வயதில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்துர் ரகுமானிடம் நேரில் வேலை வாங்கியவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். முதல் சம்பளம் எவ்வளவு, எந்தக் கட்டடத்தில் நின்றார்கள், முதலாளி என்ன கேட்டார், எதற்குக் கோபப்பட்டார் என்று அவர்களுக்கு நினைவிருக்கிறது. கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளே, இந்த விடுமுறையில் உங்கள் வாப்பாவின் வாப்பாவிடமும் அப்பத்தா வீட்டுத் தாத்தாவிடமும் போய் உட்காருங்கள். கைபேசியில் பதிவுசெய்யுங்கள். பெட்டியில் பழைய நோட்டு இருந்தால் படம் எடுத்து வையுங்கள். கொடுத்த கதையை அவர்களே சொல்லிவிடுவார்கள், சம்பாதித்த கதையை நீங்கள்தான் கேட்க வேண்டும்.