தமிழ் மேல பழி போடாதீங்க

எங்கள் லேபில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது: லினக்ஸ் மெஷினில் தமிழ் கீபோர்டு போடக்கூடாது. அந்தச் சட்டம் வந்ததற்குக் காரணமே நான்தான். அதனால் அதை எடுக்கச் சொல்ல வேண்டியதும் நான்தான்.

போன செமஸ்டர் மினி புராஜெக்டுக்காகத் திருவையாறு பக்கம் போய், யார் எந்தப் பட்டத்தில் நெல் போட்டார்கள் என்று கேட்டு வந்தோம். நாலு பேரும் இங்கிலீஷ் எழுத்தில் அடித்தோம். புரோகிராமை ஓட்டினால் தாளடி மட்டும் மூணு பட்டமா வருது! ஒருத்தன் 'எச்' போட்டிருக்கான், ஒருத்தன் போடல, இன்னொருத்தன் ரெண்டு 'ஏ' போட்டிருக்கான். தஞ்சாவூர்ல உட்கார்ந்துகிட்டு இந்தக் கூத்து. சரி, தமிழிலேயே அடிப்போம் என்று முடிவு செய்தோம்.

தமிழ்99 போடலாம் என்றேன். 1999 சென்னை மாநாட்டையொட்டி அரசே தரமாக ஏற்ற விசைப்பலகை அது. உயிர் இடது கையில், மெய் வலது கையில். டெபியனில் 'ஈடிசி' அடைவுக்குள், 'டீஃபால்ட்' ஃபோல்டரில் 'கீபோர்டு' என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் 'யூஎஸ்' என்பதை அழித்துவிட்டு இந்திய லேஅவுட்டை மட்டும் போட்டேன். டெஸ்க்டாப் தன் செட்டிங்கைத் தனியாக வைத்திருந்ததால் அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு அப்டேட்டில் டெஸ்க்டாப் படுத்துவிட்டது. கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தினேன். கறுப்புத் திரை, லாகின் கேட்கிறது. பெயரை அடித்தால் இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூட வரல. ரூட்டாகவும் நுழைய முடியல. உள்ளே எங்கள் மொத்த டேட்டாவும்! கடைசியில் ஒரு சீனியர் அண்ணா பென்டிரைவில் பூட் செய்து அந்த ஒரு வரியைத் திருத்தினார். அதற்குள் "தமிழ் போட்டா மெஷின் போயிடும்" என்று பேச்சு பரவிவிட்டது.

தப்பு தமிழ் மேல் இல்லை, நான் எழுதிய வரியில். டெக்ஸ்ட் கன்சோலும் அதே கோப்பைத்தான் படிக்கிறது. யூசர்நேம், கமாண்ட் எல்லாமே இங்கிலீஷ் எழுத்து. ஆகவே முதலில் 'யூஎஸ்', இரண்டாவதாகத் தமிழ், மாற்றிக்கொள்ள ஆல்ட்-ஷிஃப்ட் என்று எழுதி, 'சூடோ செட்டப்கான்' கொடுத்தால் போதும்.

அந்தக் கறுப்புத் திரையில் தமிழ் தெரியுமா? தெரியாது, அதை மறைக்க வேண்டாம். கன்சோல் ஃபான்டில் 512 உருவம் வரை வைக்கலாம். நம்ம எழுத்து 247தான், கணக்குக்கு இடம் இருக்கு. ஆனால் யூனிகோடில் 'கொ' என்பது இரண்டு குறியீடு: ககரம், அதன் இரு பக்கமும் உட்காரும் குறி. கன்சோல் ஒவ்வொரு குறியீட்டையும் தனித்தனிக் கட்டத்தில் வைக்கும், சேர்த்து வரையத் தெரியாது. டெஸ்க்டாப்பில் அந்த வேலையை ஹார்ஃப்பஸ் செய்கிறது. எங்களுக்குத் தமிழ் வேண்டியதும் டெஸ்க்டாப்பில்தானே?

இன்ஸ்டால் செய்யும்போதே அந்த வரியைச் சரியாகப் போட்டுவிடலாம். ஏற்கெனவே ஏற்றிய மெஷின்களுக்கு, லேப் சார் சாவி கொடுத்தால் இந்தச் சனிக்கிழமையே நான் வருகிறேன். இந்த முறை பென்டிரைவும் கையோட கொண்டு வர்றேன், சார்.