எஸ்ஐபி ஆப் காட்டுற வழவழப்பான வளைவை நம்பலாமா?

மாசம் 10,000 ரூபாய், 20 வருஷம், 12%னு எஸ்ஐபி கால்குலேட்டர்ல போட்டா கிட்டத்தட்ட 1 கோடி காட்டும். 8%னு மாத்துங்க, 59 லட்சம்தான். ஒத்தை நம்பரை நம்பி வீடு, கல்யாணம்னு திட்டம் போடக்கூடாதுன்னுதான் இப்போ சில ஆப்கள் 10,000 தடவை சிமுலேஷன் ஓட்டி, மலை மாதிரி ஒரு வளைவு காட்டுது. நல்ல விஷயம்தான். ஆனா அந்த வழவழப்பு சந்தை கொடுத்தது இல்லை, வரைஞ்சவர் கொடுத்தது.

குற்றாலத்தை வச்சே சொல்றேன். அருவியில தண்ணி நல்லா விழுந்த ஒவ்வொரு நாளுக்கும், காலண்டர்ல அந்தத் தேதி மேல ஒரு பிடி மணல் கொட்டுங்க. எல்லாப் பிடியும் சேர்ந்து வர்ற மேடுதான் கெர்னல் அடர்த்தி வளைவு. ஒரு பிடியை எவ்வளவு அகலமா பரப்புறீங்க, அதுதான் பேண்ட்வித். ஒரு வார அகலம்னா ரெண்டு மேடு தெரியும்: ஜூன்-ஆகஸ்ட் சாரல் சீசன் ஒண்ணு, ஐப்பசி-கார்த்திகை மழை இன்னொண்ணு. அதையே ரெண்டு மூணு மாச அகலத்துக்குப் பரப்புங்க. ரெண்டும் கலந்து ஒரே மேடாகி, உச்சி செப்டம்பர் பக்கம் வந்து நிக்கும்! அதை நம்பி தென்காசியில ரூம் போட்டவர் பாறையைப் பார்த்துட்டுத்தான் வரணும்.

பணத்துலயும் இதே கதைதான். நடுவுல வேலை போய் சில வருஷம் எஸ்ஐபி நின்னு போற வாய்ப்பையும் சேர்த்து ஓட்டினா, தொடர்ந்து கட்டினவங்களுக்கு ஒரு மேடு, நிறுத்தினவங்களுக்கு ஒரு மேடுன்னு வரலாம். பல மென்பொருள்ல இருக்குற சில்வர்மேன் விதி (1986) ஒத்தை மேட்டுக்கு நல்லா வேலை செய்யும். ரெண்டு மேடு இருந்தா நடுப்பள்ளத்தைத் தூர்த்துடும். நமக்குப் பயம் காட்ட வேண்டிய இடப்பக்க மேடு காணாமப் போயிடும்.

இன்னொண்ணு. 2008ல நிஃப்டி ஒரே வருஷத்துல பாதிக்கு மேல விழுந்துச்சு. 2020 மார்ச் 23 அன்னைக்கு ஒரே நாள்ல 13%. இப்படிப்பட்ட வீழ்ச்சிக்கே இடம் கொடுக்காத சிமுலேஷன்னா, 10,000 இல்லை, 10 லட்சம் தடவை ஓட்டினாலும் வளைவுல அது வராது.

என்னைக் கேட்டா, வளைவை வடிவம் பார்க்க மட்டும் வச்சுக்கோங்க. உங்களுக்குக் குறைஞ்சது 50 லட்சம் வேணுமா? 10,000 முடிவுல எத்தனை அதுக்குக் கீழ இருக்குன்னு எண்ணுங்க. 1,800 இருந்தா, அந்தக் கணக்குப்படி 18% வாய்ப்பு, பணம் பத்தாது. இதுக்குக் கெர்னலே வேண்டாம், எக்செல்ல ஒரு கவுன்ட்இஃப் போதும். உங்க ஆப் அந்த 10,000 முடிவையும் டவுன்லோட் பண்ண விடுதா, இன்னைக்கே பாருங்க.